குழல் கைப்பிடி சர்வைவல் கத்தியை வெளியில் சோதிக்கும்போது: என்ன அறிகுறி, எங்கே கோளாறு

கைப்பிடி உள்ளே காலியாக, பின்னால் திருகு மூடியோடு வரும் சர்வைவல் கத்தி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு கட்டையில் ஓங்கி அடித்துப் பார்த்துவிடலாம் என்பதுதான். தப்பில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் உடைந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எங்கே தளர ஆரம்பித்தது, ஏன் தளர்ந்தது, சரி செய்ய வழி உண்டா என்பதெல்லாம் தெரியாமலே போய்விடும். இந்த வகைக் கத்தியில் பெரும்பாலும் தோற்பது அலகு இல்லை, அலகும் குழலும் சேரும் மூட்டு. அதனால் கீழே வரும் அறிகுறிகளில் பாதி அந்த மூட்டையே சுற்றி வரும்.

அடிப்பதற்கு முன்னால்

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வகையில் அலகும் கைப்பிடியும் ஒரே இரும்பு. கத்தி செய்பவரான கிறிஸ் ரீவின் ஒன்-பீஸ் வரிசை ஏ2 டூல் ஸ்டீல் உருளையைக் கடைந்தே செய்யப்பட்டது, கோல்டு ஸ்டீல் கம்பெனியின் புஷ்மேன் கத்தியில் அலகு இரும்பையே பின்னால் சுருட்டிக் குழலாக்கியிருப்பார்கள். இவற்றில் மூட்டே கிடையாது. இன்னொரு வகையில் அலகு தனி, குழல் தனி. அலகின் பின்னால் குட்டையாக ஒரு வால் இருக்கும், அது குழலுக்குள் போய் நட்டிலோ பசையிலோ பற்றவைப்பிலோ நிற்கும். 1982-இல் ஒரு ஹாலிவுட் படம் கிளப்பிய மோகத்துக்குப் பிறகு மலிவாகக் குவிந்ததெல்லாம் இந்த இரண்டாம் வகைதான். இரண்டு துண்டு என்றாலே மட்டம் என்று இல்லை, அமெரிக்கக் கத்திப் பட்டறையான ராண்டாலின் மாடல் 18-ம் இரண்டு துண்டுதான், அதை வியட்நாம் போர்க்காலத்துச் சிப்பாய்கள் விரும்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். மூட்டை யார், எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இரண்டு துண்டு. ஒன்றும் தெரியாவிட்டால் காந்தத்தை எடுங்கள். அலகில் ஒட்டும், அது நிச்சயம். கைப்பிடியில் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம், இல்லாவிட்டால் காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ், அதாவது வேறு உலோகம், அதாவது இரண்டு துண்டு. ஒட்டினால் மட்டும் ஒரே துண்டு என்று முடிவு கட்ட முடியாது, குழலும் சாதாரண இரும்பாக இருக்கலாமே.

அப்புறம் மார்க்கர் பேனாவால் அலகின் அடியில் தொடங்கி, கை நழுவாமல் குறுக்கே நிற்கும் தடுப்பைக் கடந்து, குழல் வரைக்கும் மெல்லிசாக ஒரே கோடு போடுங்கள். கோட்டை அலகின் இரண்டு பக்கமும் போடுங்கள். மூடிக்கும் குழலுக்கும் நடுவிலும் ஒன்று போட்டு வையுங்கள். அடித்த பிறகு கோடு எந்த இடத்தில் விலகியிருக்கிறதோ அங்கேதான் நகர்ந்திருக்கிறது. கையில் ஆட்டம் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே கோடு சொல்லிவிடும். சோதனைக்கு இதைவிட உருப்படியான கருவி எனக்குத் தெரியாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அலகு வீசும் திசையிலும் அதன் நேர் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது, மூட்டு விட்டால் அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பிடிக்குள் இருக்கும் தீக்குச்சி, தூண்டில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடுங்கள். உயிரோடு நிற்கும் மரத்தில் வேண்டாம், விழுந்து காய்ந்த கட்டை போதும்.

அறிகுறி: ஆட்டினால் உள்ளே 'டிக்' என்கிறது

கைப்பிடியைக் காலி செய்துவிட்டீர்கள், இன்னும் சத்தம் வருகிறது. மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி மூடிதான், பெரும்பாலும் அதில் பதித்த திசைகாட்டி தன் குழியில் ஆடும். நிற்கவில்லை என்றால் தடுப்பை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தடுப்பு மட்டும் ஆடினால் எரிச்சலே தவிர ஆபத்து இல்லை, அது அலகின் தோளுக்கும் குழலுக்கும் நடுவில் மாட்டிய ஒரு தகடு, பாரம் அதன் வழியாகப் போவது குறைவு. ஒரு விதிவிலக்கு: நட்டு இறுக்கும் கத்தியில் தடுப்பும் சேர்ந்தே இறுகியிருக்கும், அங்கே தடுப்பு ஆடுகிறது என்றால் நட்டு தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டும் இல்லை என்றால் சத்தம் மூட்டில்தான். அலகை இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து வைஸில் பிடித்து, கட்டை விரல் நகத்தைக் குழலும் தடுப்பும் சேரும் கோட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியை மெதுவாக மேலும் கீழும் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் நகத்துக்குத் தெரியும். அடிக்காத புதுக் கத்தியிலேயே இது தெரிந்தால் சோதனை அங்கேயே முடிந்தது, திருப்பிக் கொடுக்க வழியிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கொஞ்சம் வெட்டியதும் கைப்பிடி அலகைச் சுற்றித் திரும்புகிறது

அதாவது கோடு பக்கவாட்டில் விலகியிருக்கிறது. நட்டில் நிற்கும் கத்தி என்றால் நட்டு தளர்ந்துவிட்டது, நல்ல செய்திதான். குழலுக்குள் போகும் நீளமான பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். நட்டைக் கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் மரைப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள், ஒரு நாள் காயட்டும். கழற்றியபோது வாலின் மரையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சில கத்திகளில் அலகின் வாலில் தனியாக ஒரு மரைக்கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள், அந்தப் பற்றவைப்பு அலகுக்குப் போட்ட துவைச்சலுக்கு (காய்ச்சி முக்கி இரும்புக்குப் பதம் ஏற்றுவது) பிறகு செய்ததாக இருந்தால் அதை ஒட்டிய இரும்பு பதம் மாறியிருக்கும், கம்பி அந்த இடத்திலேயே முறியும். பற்றவைத்த இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் இறுக்கிப் புண்ணியம் இல்லை.

நட்டே இல்லாத கத்தி சுற்றுகிறது என்றால் பசை விட்டுப் போயிருக்கிறது. ஒன்று, பசை ஒட்டிய பரப்பு வழவழப்பாக இருந்திருக்கும். அல்லது கைப்பிடி சூடேறியிருக்கும். சாதாரண எபாக்சி பசை 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும், உச்சி வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த உலோகக் கைப்பிடிக்கு அந்தச் சூடு ஒன்றும் தூரமில்லை. தீ மூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கத்தியைக் குத்தி வைப்பவர்களுக்கும் இதேதான். ஈயம்-தகரம் கலந்த சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும், வெயிலில் ஒன்றும் ஆகாது, நெருப்பில் ஆகும். அலகின் பதத்தைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம், சாதாரண கார்பன் ஸ்டீலில் கிட்டத்தட்ட 200 டிகிரியைத் தாண்டினால்தான் பதம் இறங்கும், கொதிக்கும் தண்ணீரால் அலகுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மூட்டுதான் முதலில் போகும்.

பசை விட்டதைத் திரும்ப ஒட்டலாம்: முழுக்கப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, வாலையும் குழலின் உள்சுவரையும் கரடுமுரடான எமரித் தாளால் கீறி, அசிட்டோனில் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் காயும் ரகம் வேண்டாம், அது உறைவதும் வேகம், விடுவதும் வேகம். பசையோடு நிறுத்தாமல் குழலின் குறுக்கே துளை போட்டு ஓர் ஆணி அடித்தால் இன்னும் நல்லது. ஆனால் துவைச்சல் ஏறிய வாலில் சாதாரண டிரில் பிட் இறங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: சுற்றவில்லை, மேலும் கீழும் ஆடுகிறது

இதுதான் மோசமானது. அதோடு இது பெரும்பாலும் ஒரே வேலையில்தான் வரும்: அலகைக் கட்டை மேல் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்து விறகு பிளப்பது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். மூட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி முனையில் அடிக்கிறீர்கள், கைப்பிடியை விறைப்பாகப் பிடித்திருக்கிறீர்கள், குழலுக்குள் வால் 2.5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனையில் விழும் விசை குழலின் சுவரில் ஏறத்தாழ 6 மடங்காக இறங்கும். கைப்பிடி முழுக்க இரும்பு ஓடும் கத்தியில் இந்தப் பாரம் நீளமாகப் பரவிவிடும், இங்கே ஒரு அங்குலம் தனியாக வாங்கிக்கொள்கிறது. சில நூறு அடி விழுந்ததும் துளை நீள்வட்டமாகும், அலுமினியக் குழலாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

கோடுகளைப் பாருங்கள். முதுகுப் பக்கம் குழலுக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி வந்து, வாய்ப் பக்கம், அதாவது வெட்டும் விளிம்புப் பக்கம், இறுக்கமாக இருந்தால் வால் வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக ஆடினால் துளை பெருத்திருக்கிறது. பெருத்த துளையை எபாக்சி நிரப்பிக் கொஞ்ச காலம் ஓட்டலாம், மெல்லிய வேலைக்கு மட்டும். வளைந்த வாலை நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தும் நேரத்திலேயே முறியலாம், முறியாவிட்டாலும் அடுத்த வேலையில் முறியும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய பட்டறை வழி உண்டு. மூட்டுப் பகுதியில் மண்ணெண்ணெய் தடவி பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், மேல்பரப்பைத் துணியால் நன்றாக, ஈரமே இல்லாமல் துடையுங்கள், மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளில் ஊறி, வெள்ளைப் பரப்பில் கறுத்த ஒரு நூல் மாதிரி எழும்பும். அலகின் தோளில், அதாவது அகலம் சட்டென்று குறுகி வாலாகும் மூலையில்தான் பெரும்பாலும் வரும். அந்த மூலை கத்தி மாதிரிக் கூராக வெட்டப்பட்டிருந்தால் விரிசலுக்கு அழைப்பு வைத்த மாதிரிதான், கொஞ்சம் உருட்டி விட்டிருந்தால் பிழைக்கும். நூல் தெரிந்ததா, அந்தக் கத்தியால் இனி ஓர் அடி கூட அடிக்கக்கூடாது.

ஆட்டம் இன்னும் வராதவர்கள் பிளக்கும் முறையை மாற்றினால் போதும். கட்டையின் குறுக்களவை விட அலகு ஐந்து சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும், முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கைப்பிடியைக் கீழே அழுத்தாமல், மட்டமாக நிற்கும் அளவுக்கு லேசாகப் பிடியுங்கள். விறைத்த கைதான் மூட்டை உடைக்கிறது. கணு உள்ள கட்டையைத் தள்ளி வையுங்கள். பாதியில் சிக்கினால் கைப்பிடியைப் பிடித்து ஆட்டி எடுக்காதீர்கள், மரத்தில் ஓர் ஆப்பு சீவி விரிசலில் இறக்கினால் கத்தி தானாக விடுபடும்.

கத்தியை மரத்தில் அறைந்து அதன் மேல் ஏறி நிற்கும் சோதனை ஒன்று உண்டு, பார்க்க நன்றாக இருக்கும். 70 கிலோ ஆள், மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் மூட்டில் கிட்டத்தட்ட 69 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, கார் சக்கர நட்டை இறுக்கத் தேவைப்படுவதில் பாதிக்கு மேல். எந்தக் காட்டு வேலையும் கத்தியிடம் இதைக் கேட்பதில்லை. தாங்கினாலும் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, தாங்காவிட்டால் உடைந்த அலகுக்கு மேல் விழுவீர்கள்.

அறிகுறி: வாய் பல் பல்லாகப் போகிறது, அல்லது மடிகிறது

இரண்டும் வேறு வேறு நோய். உதிர்ந்திருந்தால் இரும்பு அளவுக்கு மீறி விறைப்பு, மடிந்திருந்தால் மெத்து. கண்ணால் பிரித்தறிய முடியவில்லை என்றால் நகத்தை வாயின் மேல் நீளவாட்டில் ஓட்டுங்கள்: உதிர்ந்த இடம் நகத்தைப் பிடிக்கும், மடிந்த இடம் ஒரு பக்கம் வழுக்கி மறு பக்கம் தடுக்கும்.

வெளியே போவதற்கு முன்னாலேயே இதைக் கணிக்கலாம். 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றைப் படுக்க வைத்து, தீட்டும் சாய்வில் வாயை அதன் மேல் மிதமாக அழுத்துங்கள். வாய் கம்பியின் மேல் லேசாக நெளிந்து, எடுத்ததும் நேராகிவிட்டால் பதம் சரி. நெளிந்தபடியே நின்றால் மெத்து. பல் விழுந்தால் விறைப்பு.

ஆனால் புதுக் கத்தியில் ஒருமுறை உதிர்ந்தது என்று இரும்பைத் திட்டாதீர்கள். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் சாணைப் பட்டையில் தீட்டும்போது வாயின் மெல்லிய விளிம்பு மட்டும் வெந்துபோயிருக்கும். கையால் சாணைக்கல்லில், தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை நன்றாகத் தீட்டி அந்த விளிம்பைக் கழித்துவிட்டால் உள்ளே நல்ல இரும்பு வரும். அதற்குப் பிறகும் அதே கதை என்றால் துவைச்சலே சரியில்லை. வாயின் சாய்வை அகலமாக்கிப் பாருங்கள், விறைப்பான இரும்பும் தடித்த வாயோடு ஓரளவு தாங்கும். மண் ஒட்டிய கட்டை, உறைபனியில் விறைத்த கட்டை இரண்டும் நல்ல வாயையும் கெடுக்கும். கடும் குளிரில் இரும்பே நொறுங்கும் குணத்துக்குப் போகும் என்பதால் அலகைக் கொஞ்ச நேரம் உடுப்புக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி: முனை உடைந்துவிட்டது

துண்டைத் தேடி எடுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெல்வெட் மாதிரி மங்கிய சாம்பல் நிறத்தில் நுணுக்கமாக இருந்தால் இரும்பிலும் துவைச்சலிலும் குறை இல்லை, நீங்கள்தான் நெம்பியிருக்கிறீர்கள். சர்க்கரைக் கல் போல மினுமினுவென்று துகள் துகளாகத் தெரிந்தால் துவைச்சல் போடும்போது இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து துகள் பெருத்துப் போயிருக்கிறது, அந்த அலகு மிச்ச இடத்திலும் அப்படித்தான். முகத்தில் ஒரு மூலை மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்தால் அங்கே விரிசல் முன்பே இருந்திருக்கிறது, இன்றைய அடி கடைசி அடி மட்டுமே.

முதல் வகை என்றால் முதுகுப் பக்கத்தைத் தேய்த்துப் புது முனை வைத்துக்கொள்ளலாம், தண்ணீரில் அடிக்கடி முக்கி, கையால் தொட முடியாத சூடு வராமல்.

அறிகுறி: அலகு வளைந்து அப்படியே நிற்கிறது

மெத்தான அலகு. கொஞ்சம் வளைந்து திரும்பாமல் நிற்பது, பட்டென்று முறிவதை விடக் காட்டில் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி, எதிர்க்கட்சியும் உண்டு. கத்தி வடிக்கும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்க பிளேடுஸ்மித் சொசைட்டியின் ஜர்னிமேன் தேர்வில் அலகை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: அதற்கு முன் அதே கத்தி தொங்கும் கயிற்றை வெட்ட வேண்டும், மரச்சட்டத்தைக் கொத்த வேண்டும், அதன் பிறகும் முடி மழிக்க வேண்டும். வளைப்பு கடைசி, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தக் கத்தி கத்தி இல்லை. நீங்கள் பயன்படுத்தப் போகும் கத்திக்கு அந்தச் சோதனை எதற்கு? முனையைக் கட்டையில் இரண்டு சென்டிமீட்டர் இறக்கி, பக்கவாட்டில் ஐந்து பத்து டிகிரி தள்ளி விடுங்கள். நேராகத் திரும்பினால் போதும். தள்ளும்போது கண் அலகில் வேண்டாம், மூட்டுக் கோட்டில் இருக்கட்டும்.

அறிகுறி: மூடி திறக்க மறுக்கிறது

மூடியால் ஆணி அடித்திருப்பீர்கள். சுத்தியல் போல மூடியில் அடிக்கும்போது பாரம் முழுக்க மரையின் வழியாகக் குழலுக்குப் போகிறது, அலுமினிய மரை நசுங்கி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ரப்பர் துண்டால் பிடித்துத் திருகுங்கள், நகரவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டுப் பிறகு திருகுங்கள். திறந்ததும் நசுங்கிய மரையைச் சின்ன முக்கோண அரத்தால் சீர் செய்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மூடியில் திசைகாட்டி இருந்தால் அதனால் அடிக்கவே வேண்டாம். இரும்பு அலகுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த முள் சரியாக வடக்கைக் காட்டும் என்றும் நம்ப வேண்டாம்.

அறிகுறி: உள்ளே ஈரம்

சாதாரணமாகத் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் தேர்ச்சி பெறும், ஆற்றில் தோற்கும். வெயிலில் சூடான குழலுக்குள் காற்று விரிந்திருக்கும், அப்படியே குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் காற்று சுருங்கி வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சோதிப்பதென்றால் அப்படியே சோதியுங்கள்: உள்ளே உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து மூடி, கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம், உடனே குளிர்ந்த நீரில் அரை மணி. தாளின் மூடிப் பக்க நுனி நனைந்திருந்தால் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றுங்கள், சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். அலகுப் பக்க நுனி நனைந்திருந்தால் தண்ணீர் மூட்டு வழியாக வருகிறது, அதாவது பசையில் இடைவெளி இருக்கிறது. ஆட்டம் இன்னும் தெரியாத கத்தியிலும் இந்த ஈரம் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். தீக்குச்சியை எப்படியும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டே வையுங்கள்.

அறிகுறி: கை வழுக்குகிறது, கொப்புளம் வருகிறது

உருண்டைக் குழல் கைக்குள் சுழலும், வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. கயிறு சுற்றினால் சரியாகும், ஆனால் சுற்றுவதற்கு முன் வாய்ப் பக்கம் நீளவாட்டில் ஒரு மெல்லிய கயிற்றைப் படுக்க வைத்து அதன் மேல் சுற்றுங்கள், கைக்கு வாட்டம் தெரியும். மூட்டுக் கோட்டை மட்டும் கயிற்றால் மறைக்காதீர்கள். நனைந்த கயிறு கீழே துருவை வளர்க்கும், அவ்வப்போது பிரித்துப் பாருங்கள்.

அறிகுறி: முதுகில் உள்ள ரம்பப் பல் மரத்தை அறுக்கவில்லை

அது கோளாறே இல்லை. மர ரம்பத்தில் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து, அலகை விட அகலமான பள்ளம் போடும். இந்தப் பற்கள் நேராக நிற்கின்றன, அலகு தடிமனானது, இரண்டு இழுப்பில் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அமெரிக்க விமானிகளுக்குக் கொடுத்த சர்வைவல் கத்திகளில் இந்தப் பற்கள் வந்தது, விழுந்த விமானத்தின் தகட்டையும் கண்ணாடி மூடாக்கையும் கிழித்து வெளியே வருவதற்கு. கட்டையில் ஒரு வெட்டுக்காயம் போட்டு முறிக்க உதவும், அவ்வளவுதான். பல் உள்ள முதுகில் கட்டையால் அடித்தால் அடிக்கும் கட்டை சிராய் சிராயாகப் போகும், ஒவ்வொரு பல்லின் அடிப்பள்ளமும் விரிசல் தொடங்க வசதியான இடம். பிளப்பதென்றால் பல் இல்லாத முன்பகுதியில் மட்டும் அடியுங்கள், அப்படி ஒரு பகுதியே இல்லை என்றால் அந்தக் கத்தியைப் பிளக்கும் வேலைக்கு எடுக்காதீர்கள்.